வரிசையில் நிற்பது எப்படி: கடைசியில் வந்து சேர்ந்தவருக்கான கையேடு

வரிசையில் நிற்க யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நீந்துவதற்கு வகுப்பு இருக்கிறது, வண்டி ஓட்ட உரிமம் வேண்டும், வரிசைக்கு மட்டும் வந்து நின்றால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதன் பலனை எந்த கவுன்டரிலும் பார்க்கலாம். ஒருவர் முன்னால் இருப்பவரின் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார். இன்னொருவர் நாலடி தள்ளி நின்று, வருகிற போகிற எல்லோரையும் “நீங்க க்யூவுலதான் நிக்கறீங்களா?” என்று கேட்க வைப்பார். மூன்றாமவர் உடம்பை ஒரு வரிசையிலும் கண்ணைப் பக்கத்து வரிசையிலும் நிறுத்தியிருப்பார். இந்தக் கையேடு முக்கியமாக அந்த மூன்றாமவருக்கு. வரிசையில் பத்து நிமிஷம் போவது பெரிய நஷ்டமில்லை, பக்கத்து வரிசைக்காரன் எட்டு நிமிஷத்தில் போய்விட்டான் என்பதுதான் ராத்திரி வரைக்கும் உறுத்தும்.

எந்த வரிசையில் சேர்வது

பெரும்பாலானோர் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது அதை இல்லை. பில் போடும் இடத்தில் ஒரு பொருளை ஸ்கேன் செய்ய ஓரிரு நொடிதான் ஆகிறது. நேரத்தைத் தின்பது அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை: வணக்கம், பை வேண்டுமா, கார்டா காசா, அட்டையை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா செருகுவது, மறந்துபோன கடவுச்சொல், ரசீது. இந்தச் சடங்கு ஒரே ஒரு சோப்பு வாங்கியவருக்கும் உண்டு, வீட்டையே வண்டியில் ஏற்றி வந்தவருக்கும் உண்டு. ஆகவே நிரம்பி வழியும் வண்டியோடு ஒரே ஒருவர் நிற்கும் வரிசை, ஆளுக்கு இரண்டு பொருளோடு ஆறு பேர் நிற்கும் வரிசையை விட வேகமாக நகர நல்ல வாய்ப்பு இருக்கிறது. பார்த்தால் நம்ப முடியாது, அதனால்தான் அந்த வரிசை எப்போதும் காலியாக இருக்கிறது.

அடுத்து, கைகளைப் பாருங்கள். பணமோ கார்டோ ஏற்கெனவே கையில் இருந்தால் நல்ல சகுனம். கைப்பைக்குள் இன்னொரு பை, அதற்குள் ஜிப் வைத்த சின்னப் பை, அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டு என்று இருந்தால் தயங்காமல் வேறு வரிசை பார்க்கவும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, “நீ சொன்னது நீலமா பச்சையா?” என்று கேட்டுக்கொண்டிருப்பவர் இன்னும் ஆபத்து, அவர் கவுன்டரை அடையும்போதும் நீலமா பச்சையா என்பது முடிவாகியிருக்காது. எல்லோரையும் விடப் பெரிய ஆபத்து ஆளே இல்லாத கூடை. தரையில் ஒரு கூடை மட்டும் அநாதையாக இருக்கும், அதன் சொந்தக்காரர் “ஒரே ஒரு சாமான், இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் காணாமல் போயிருப்பார். வரிசை நகர நகர, பின்னால் நிற்பவர் அந்தக் கூடையைக் காலால் மெல்லத் தள்ளிக்கொண்டே வருவார். யாரென்றே தெரியாத ஒருவருடைய கூடையை வளர்த்து ஆளாக்குவார் என்றே சொல்லலாம். சரியாகக் கூடையின் முறை வரும் நொடியில் சொந்தக்காரர் வேறொரு சாமானோடு ஓடி வருவார், தேடிப் போன சாமான் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தோடு.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சிரித்த முகமாக எல்லோரிடமும் நலம் விசாரிக்கிறாரா? அருமையான மனிதர். அவர் வரிசையில் நிற்காதீர்கள்.

இதெல்லாம் எதற்கு, எல்லா கவுன்டருக்கும் சேர்த்து ஒரே வரிசை வைத்து, முன்னால் இருப்பவர் எந்த கவுன்டர் காலியோ அங்கே போகட்டும் என்று விட்டால் என்ன? வைக்கலாம், விமான நிலையங்களிலும் பல வங்கிகளிலும் அப்படித்தான். கயிறு கட்டி, பாம்பு போல வளைத்து விட்டிருப்பார்கள். இதன் அழகு என்னவென்றால், உங்களுக்குப் பின்னால் வந்தவர் உங்களுக்கு முன்னால் கவுன்டருக்குப் போக முடியாது. கைப்பைக்குள் பை வைத்திருப்பவர் ஒரு கவுன்டரை அடைத்துக்கொண்டாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும், அந்தச் சுமை எல்லோர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிரப்படும். இருந்தும் இந்த நீளமான ஒற்றை வரிசையைத் தூரத்தில் பார்த்ததும் “ஐயோ இவ்வளவு கூட்டமா” என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. போகட்டும், நமக்கு நல்லதுதான்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டுபிடிப்பது

இதற்கு ஜோசியம் வேண்டாம், ஒரு பெருக்கல் வகுத்தல் போதும். 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விதியை நிரூபித்தார்: வரிசையில் சராசரியாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை என்பது, ஆட்கள் வரும் வேகத்தையும் ஒருவர் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. இவ்வளவுதான். யார் எப்போது வந்தார்கள், யார் எவ்வளவு நேரம் பிடித்தார்கள் என்ற எந்த விவரமும் வேண்டாம் என்பதுதான் இதில் ஆச்சரியம்.

நமக்குத் தேவையான வடிவம் இது. வந்து நின்றதும் முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், 20 என்று வையுங்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் எத்தனை பேர் வேலை முடிந்து வெளியே போகிறார்கள் என்று கவனியுங்கள். 10 பேர் போனால் நிமிஷத்துக்கு 2 பேர், ஆக மொத்தம் 10 நிமிஷத்தில் உங்கள் முறை, அதில் ஐந்து ஏற்கெனவே போய்விட்டது. ஐந்து நிமிஷத்தில் ஒருவர்தான் போனார் என்றால் நூறு நிமிஷம், வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வரலாம். இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் “என்ன சார், ரொம்ப நேரம் ஆகுமா?” என்று கேட்பார். தெரிந்தவர் மாதிரி சொல்லிப் பாருங்கள், அந்த வரிசையில் உங்கள் மரியாதையே வேறு.

பக்கத்து வரிசை எப்போதும் வேகமாகப் போவது ஏன்

சாபம் எதுவும் இல்லை. மூன்று வரிசை இருக்கிறது, நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே மாதிரி ஓடினாலும், மூன்றில் உங்களுடையதே முதலாவதாக வர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். மீதி இரண்டு பங்கில் இடப்பக்கமோ வலப்பக்கமோ யாரோ ஒருவர் உங்களை முந்துவார். பத்து வரிசை உள்ள இடத்துக்குப் போனால் முதலாவதாக வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று. இதில் வேகமாகப் போன நாட்கள் ஞாபகத்தில் தங்காது, ஏனென்றால் அன்றைக்கு நீங்கள் நிற்கவே இல்லை, போனோம் வந்தோம் என்று முடிந்துவிட்டது. மெதுவான வரிசையில்தான் வாழ்க்கையின் அதிக நேரம் கழிகிறது, அதனால் அதுதான் நினைவில் நிற்கிறது.

சாலையிலும் இதே கதை. கனடாவின் டொனால்ட் ரெடல்மையர் என்ற மருத்துவரும் ராபர்ட் டிப்ஷிரானி என்ற புள்ளியியலாளரும் 1999-இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள்: இரண்டு தடங்களும் ஒரே சராசரி வேகத்தில் போனாலும் பக்கத்துத் தடம் வேகமாகப் போவதாகத்தான் ஓட்டுநருக்குத் தோன்றும். நாம் மற்றவர்களை முந்தும்போது அவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், சட்டென்று பத்து வண்டியைக் கடந்துவிடுவோம். நம்மை முந்துகிறவர்களோ வேகத்தில் பரவி, ஒருவர் பின் ஒருவராக, சாவகாசமாக நம் கண்முன்னே போவார்கள். கூட்டிப் பார்த்தால் முந்தும் நேரத்தைவிட முந்தப்படும் நேரம் அதிகம். பக்கத்துத் தடம் உண்மையில் மெதுவாகப் போன ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டியபோதும், பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அதுதான் வேகம் என்றார்கள்.

ஆகவே வரிசை மாறுவதற்கான விதி: வந்து சேர்ந்த முதல் ஒரு நிமிஷத்துக்குள், உங்களுக்குப் பின்னால் யாரும் வந்து சேராத வரைக்கும் மாறலாம். அதற்கப்புறம் மாறினால் சேர்த்து வைத்த இடத்தைத் தானம் செய்துவிட்டு வேறிடத்தில் கடைசி ஆளாகப் போய் நிற்கிறீர்கள். பழைய வரிசை ஓட ஆரம்பிப்பதை அங்கிருந்து பார்ப்பது தனி வேதனை. தேர்ந்தெடுத்தாகிவிட்டது என்றால் முன்னால் நிற்பவரின் சட்டைக் கட்டங்களை எண்ணுங்கள், பக்கத்தில் திரும்பாதீர்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: “இந்தப் பக்கம் வாங்க” என்று புது கவுன்டர் திறப்பது. நியாயப்படி, அதிக நேரம் நின்றவர்தான் முதலில் போக வேண்டும். நடப்பது என்ன? வரிசையின் வாலில், ஒரு நொடிக்கு முன் வந்து நின்றவர்தான் முதலில் பாய்வார், அவருக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லையே. முன்னால் இருப்பவர் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்’ என்று அங்கேயே நிற்பார். நடுவில் இருப்பவர்கள் போகலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்குள் அங்கே எட்டுப் பேர். நீங்கள் நடுவில் இருந்தால் ஒரு உபாயம்: உடனே முன்னால் இருப்பவரிடம் “நீங்க போங்க, நான் உங்க பின்னாடி வரேன்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். நல்லவர் என்ற பெயரும் கிடைக்கும், வாலில் இருப்பவருக்குக் கொஞ்சம் வெட்கமும் வரும், இரண்டாவது இடமும் உறுதி.

நிற்கும்போது என்ன செய்வது

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் காத்திருப்பின் மனநிலையைப் பற்றி எழுதியதில் சில விஷயங்கள் இன்றும் செல்லுபடியாகின்றன. சும்மா நிற்கும் நேரம், வேலையாக இருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளம். காரணம் சொல்லாத தாமதம், சொன்ன தாமதத்தைவிட நீளம். தனியாக நிற்பது கூட்டமாக நிற்பதைவிட நீளம். கடைசியாகச் சொன்னதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு: கூட நிற்பவர் “அப்பவே சொன்னேன், காலையிலயே வந்திருக்கலாம்” என்று சொல்லும் வகை என்றால் தனிமையே மேல்.

ஹூஸ்டன் விமான நிலையத்தைப் பற்றிய கதை இந்தத் துறையில் பிரபலம். பெட்டி வரத் தாமதம் என்று பயணிகள் சதா புகார். ஆட்களைக் கூட்டினார்கள், நேரம் குறைந்தது, புகார் குறையவில்லை. கடைசியில் விமானங்களைத் தூரத்து வாசலில் நிறுத்தி, பயணிகளைப் பல மடங்கு நடக்க விட்டார்கள். அவர்கள் நடந்து வந்து சேரும்போது பெட்டியும் வந்திருந்தது, புகார் நின்றது. மொத்த நேரம் குறையவே இல்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாட்டுவதும் இதே தந்திரம்தான், மனிதன் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது லிஃப்டை மறந்துவிடுகிறான். கண்ணாடி இல்லாத இடத்தில்தான் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பொத்தானை ஆளாளுக்கு அமுக்குகிறார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும். போன் உதவும், ஆனால் போனில் மூழ்கியவர் முன்னால் மூன்றடி காலி விழுந்ததை உணராமல் நிற்பார், பின்னால் பத்துப் பேர் தொண்டையைச் செருமுவார்கள். அந்த இடைவெளியை மூடினால் ஒரு நொடிகூட மிச்சமாகாது, எல்லோருக்கும் தெரியும், இருந்தும் மூடாதவரைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும். அதனால் போனில் இருந்தாலும் முன்னால் இருப்பவரின் குதிகால் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

இடையில் நுழைபவரை என்ன செய்வது

ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் நியூயார்க்கில் 129 வரிசைகளில் ஆட்களை அனுப்பி, மூன்றாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும் நடுவில் “மன்னிக்கணும், நான் இங்கே நிற்க வேண்டும்” என்று சொல்லி நுழைய வைத்தார்கள். 1986-இல் முடிவுகள் வெளியாயின. ஒருவர் மட்டும் நுழைந்தபோது பாதிக்குச் சற்று அதிகமான வரிசைகளில்தான் யாராவது ஆட்சேபித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து நுழைந்தபோது பத்துக்கு ஒன்பது வரிசைகளில் எதிர்ப்பு. இதில் பெரும்பாலும் வாயைத் திறந்தவர், நுழைந்தவருக்கு நேர் பின்னால் இருந்தவர். அவருக்குத்தான் நஷ்டம் நேரடியாகத் தெரிகிறது, மற்றவர்கள் ‘அவரே கேட்கட்டும்’ என்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர் சும்மா இருந்துவிட்டால் அவ்வளவுதான், வரிசை மொத்தமும் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஆக உங்கள் மூக்குக்கு நேராக ஒருவர் நுழைந்தால் கடமை உங்களுடையது. கோபம் வேண்டாம். “லைன் அங்கேருந்து வருதுங்க” என்று கையைப் பின்பக்கம் காட்டினால் போதும், அவருக்கு விஷயமே தெரியாதது போல நடிக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள். “அப்படியா, தெரியல” என்று ஆச்சரியப்பட்டபடி போய்விடுவார். அந்த ஆச்சரியத்தை நீங்களும் நம்புவது போல நடிக்க வேண்டும், அது ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

உங்களுக்கே அவசரமாக முன்னால் போக வேண்டியிருந்தால்? காரணம் சொல்லிக் கேளுங்கள். எலன் லாங்கர் என்ற உளவியலாளரும் மற்றவர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், நகல் இயந்திரத்துக்கு வந்தவரிடம் 5 பக்கம்தான், முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் சரி என்றார்கள். அவசரமாக இருக்கிறது என்று சேர்த்தபோது 94. ‘ஏனென்றால் நகல் எடுக்க வேண்டும்’ என்று சேர்த்தபோது 93. நகல் இயந்திரத்துக்கு வேறு எதற்கு வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை! ஆனால் துள்ள வேண்டாம், அதே ஆய்வில் 20 பக்கம் என்று பெரிதாகக் கேட்டபோது அந்த வெற்றுக் காரணம் எடுபடவில்லை, காரணமே சொல்லாதவருக்குக் கிடைத்த அதே 24 சதவீதம்தான்.

போனில் நிற்கும் வரிசை

இதில் முன்னால் யார் என்றே தெரியாது. வரிசைகளைப் பற்றிய கணிதம் பிறந்ததே தொலைபேசியில்தான்: கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் என்ற கணிதவியலாளர் 1909-இல் இதைப் பற்றிய முதல் கட்டுரையை எழுதினார். காத்திருக்கும்போது பாட்டு ஓடுகிறதே, அது தற்செயலாக வந்தது. ஆல்ஃபிரட் லெவி என்ற தொழிற்சாலை முதலாளியின் தொலைபேசிக் கம்பி ஒன்று கட்டடத்தின் இரும்பில் உரசி, பக்கத்து வானொலி நிலையத்தின் இசை அழைத்தவர்கள் காதில் கேட்டது. அவர் அதற்கு 1966-இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அந்தக் கம்பியை அன்றைக்கே யாராவது சரிசெய்திருந்தால் நாம் நிம்மதியாக இருந்திருப்போம்.

வழிமுறை எளிது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள், ஆனால் வாயில் எதையும் போடாதீர்கள். நீங்கள் மெல்ல ஆரம்பித்த நொடியில்தான் எதிர்முனையில் மனிதக் குரல் வரும், நீங்கள் விழுங்கி முடிப்பதற்குள் “பதில் இல்லாததால்” என்று வைத்துவிடும்.

இங்கே சும்மா இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவுன்டரில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மேலாளருக்குப் பொறுக்காது, உடனே ஆளைக் குறைப்பார். ஆட்கள் நினைத்த நேரத்தில் வருகிற எளிய வரிசைக் கணக்கில், கவுன்டர்காரர் பாதி நேரம் வேலையாக இருந்தால் சராசரியாக ஒருவர்தான் அங்கே இருப்பார். 80 சதவீதம் வேலையாக இருந்தால் 4 பேர். 90 என்றால் 9. 95 என்றால் 19. கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்ததற்கு வரிசை இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. அலுவலகத்தில் உங்கள் மேஜையில் கோப்புகள் குவிவதும் இதே கணக்குதான், ‘என்ன சும்மா உட்கார்ந்திருக்கீங்க’ என்று அடுத்த முறை கேட்டால் இந்த எண்களைச் சொல்லிப் பார்க்கலாம். பலன் கேட்பவரின் சுபாவத்தைப் பொறுத்தது.

உங்கள் முறை வந்ததும்

இதுவரை முன்னால் போனவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டினீர்கள், இப்போது பின்னால் இருப்பவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் முன்னால் இருக்கும்போதே பணம், அட்டை, காகிதம் எல்லாம் கைக்கு வந்துவிட வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுக்கு மேல் இருந்தால் பெரியதை முதலில் கேளுங்கள், ‘அப்புறம் இன்னொன்னு’ என்று மூன்று முறை சொல்லாதீர்கள். வேலை முடிந்ததும் ரசீதை மடித்து, மீதியை எண்ணி, பைக்குள் பையை வைத்து, ஜிப்பை இழுப்பதையெல்லாம் கவுன்டரிலேயே நின்று செய்ய வேண்டாம், எல்லாவற்றையும் அப்படியே அள்ளிக்கொண்டு ரெண்டடி ஓரமாகப் போய் நிதானமாகச் செய்யுங்கள். குடையைக் கவுன்டரில் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வரும். அதை எடுக்கத் திரும்பிப் போகும்போது கையைத் தூக்கிக் காட்டி “குடை, குடை” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போகவும். இல்லையென்றால் யாராவது “லைன் அங்கேருந்து வருதுங்க” என்பார்கள்.